சான்றிதழ் இருக்கிறது, வேலை எங்கே?

வேலைவாய்ப்பு பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஆதங்கத்தைத்தான் சொல்கின்றன: படித்தாயிற்று, பயிற்சியும் முடிந்தது, வேலையைத்தான் காணோம். ஆகவே இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கே: பயிற்சி கொடுத்தால் வேலை வருமா, வேலை வந்த பிறகு பயிற்சி கொடுக்க வேண்டுமா? எது முதலில்?
(கல்லூரி ஆசிரியர், விழுப்புரம்)

முதலில் வர வேண்டியது விசாரணை. இந்த ஊரைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள் யார் ஆள் எடுக்கிறார்கள், எந்த வேலைக்கு, எத்தனை பேரை? இதற்குப் பதில் கையில் இருந்தால் பயிற்சியும் வேலையும் சேர்ந்தே வரும். நம்மிடம் நடப்பது தலைகீழ். இத்தனை ஆயிரம் பேருக்குப் பயிற்சி என்று மேலிருந்து இலக்கு வருகிறது. மார்ச் மாதம் முடிவதற்குள் ஆள் பிடித்து, வகுப்பு நடத்தி, போட்டோ எடுத்து, சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டைக்கு எந்தக் கம்பெனி வரப்போகிறது என்பது தொழில்துறைக்கு ஒன்றிரண்டு வருடம் முன்பே தெரியும். ஐ.டி.ஐ. முதல்வருக்கு அது பேப்பரைப் பார்த்துத்தான் தெரிகிறது. இந்த இரண்டு பேரும் மாதம் ஒருமுறை ஒரே அறையில் உட்கார்ந்து பேசினால், பாதிச் சிக்கல் செலவில்லாமல் தீரும்.

கே: இரண்டும் சேர்ந்து நடந்ததற்கு நம் மாநிலத்தில் ஓர் உதாரணம் காட்டுங்கள், பார்க்கலாம்.
(வாசகர், தருமபுரி)

உங்கள் பழைய மாவட்டத்திலேயே இருக்கிறது. ஒசூர் அப்போது தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது 2004இல்தான். மாநில அரசின் டிட்கோவும் டாடா குழுமமும் கூட்டாக 1984இல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கி, ஒசூரில் கடிகாரத் தொழிற்சாலை அமைத்தன. கடிகாரம் கோக்கத் தெரிந்தவர்கள் அந்த வறண்ட பூமியில் ஏது? பக்கத்தில் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகார ஆலை இருந்தது. மொத்த ஆட்களையும் அங்கிருந்தே இழுத்துவிட்டு, சுற்றியிருந்த ஊர்க்காரர்களுக்குக் காவலாளி வேலையும் தோட்ட வேலையும் கொடுத்துக் கணக்கை முடித்திருக்கலாம். பல ஊர்களில் பல கம்பெனிகள் அப்படித்தான் செய்தன. டைட்டனோ, சிற்றூர்களில் பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளைத் தேடி எடுத்துப் பயிற்சி கொடுத்தது.

கடிகாரம் கோப்பது என்றால் என்ன வேலை? கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் ட்வீசர், எதிரே அரிசி மணியைவிடச் சின்னதாகப் பல்சக்கரம். அதைப் பிடித்து, அதற்குரிய குழியில், ஒரு தூசிகூட விழாமல் உட்கார வைக்க வேண்டும். அடுத்தது. அதற்கடுத்தது. இதற்குப் பழைய அனுபவத்தைவிட நல்ல கண்ணும் நடுங்காத விரலும் பொறுமையும்தான் தேவை. மூன்றும் பதினெட்டு வயதுக் கிராமத்துப் பிள்ளைகளிடம் இருந்தன. பிறகு நகைத் தொழிற்சாலையும் அதே ஒசூரில் வந்தது. கடிகாரத்துக்கான கருவிகளைச் செய்து பழகிய கைத்திறனிலிருந்து, மற்ற நிறுவனங்களுக்கு இயந்திரம் செய்து தரும் தனிப் பிரிவே வளர்ந்தது.

அரசு அங்கே நிலம் கொடுத்ததோடு ஒதுங்கவில்லை, பங்குதாரராக உள்ளே இருந்தது. இதை நாம் மறந்துவிடக் கூடாது.

கே: ஏ.ஐ. வந்துவிட்டால் ஃபிட்டருக்கு வேலை போய்விடுமா?
(ஐ.டி.ஐ. மாணவர், அரக்கோணம்)

பம்ப் கசிந்தால் அதைக் கழற்றி மாட்ட ஒரு கை வேண்டும், தம்பி. படித்த ஃபிட்டருக்கு வேலை போகாது. படித்ததோடு நிறுத்திக்கொண்ட ஃபிட்டருக்குத்தான் சிரமம். சென்சார், பி.எல்.சி. என்றால் என்ன என்பதை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

கே: எல்லாவற்றுக்கும் அரசையே எதிர்பார்க்கலாமா? ஓர் ஊர் தானாக எழுந்து நிற்க முடியாதா?
(அச்சக உரிமையாளர், சாத்தூர்)

உங்கள் பக்கத்து ஊர் எழுந்து நின்றதே! சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை பொய்க்கும் பூமி, விவசாயத்தை நம்ப முடியாத ஜனங்கள், ஈரமில்லாத காற்று. தீக்குச்சி காய இதைவிட நல்ல இடம் கிடையாது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழில் வந்தது. மருந்து கலக்கத் தெரிந்ததால் பட்டாசு வந்தது. இரண்டு பேர் கற்றுவந்த தொழில் ஒரு வட்டாரத்தையே வாழவைத்தது.

ஆனால் இந்தக் கதையை இங்கேயே முடித்தால் அது பாதி உண்மை. அந்த வேலையில் பல்லாண்டு காலம் குழந்தைகளின் கைகளும் இருந்தன. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். பட்டாசு வெடித்துச் சாகிறவர்களின் செய்தி இன்றும் வருகிறது. ஊருக்கு வேலை வந்தது என்று கணக்கெழுதும்போது, எப்படிப்பட்ட வேலை, யார் உடம்பில் ஏறிய வேலை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பயிற்சி என்பதில் மருந்து கலக்கும் முறையைப் போலவே உயிரோடு வீடு திரும்பும் முறையும் பாடமாக இருக்க வேண்டும்.

கே: கோவையில் பட்டறை வைத்தால் ஆள் கிடைக்கிறது, எங்கள் ஊரில் கிடைப்பதில்லை. என்ன மந்திரம்?
(லேத் பட்டறைக்காரர், புதுக்கோட்டை)

மந்திரம் இல்லை, நூறு வருட உழைப்பு. பைக்காரா மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் வந்தது. கிணறுகளுக்கு மோட்டாரும் பம்ப்செட்டும் தேவைப்பட்டன. தேவை இருந்த அதே ஊரில் கற்றுக்கொடுக்கும் இடமும் இருந்தது. பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926இல் தொடங்கிய தொழிற்கூடத்தில் பொருளும் உற்பத்தியானது, ஆட்களும் உருவானார்கள். 1939இல் பாலிடெக்னிக், 1951இல் பொறியியல் கல்லூரி. ஜி.டி. நாயுடு தன் பங்குக்கு 1945இல் தொடங்கிவைத்த கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே கரும்பலகைக்கும் உலைக்கும் இடையே தூரம் குறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோவைப் பட்டறையில் நாலு வருடம் வேலை பார்த்தவர் வெளியேறித் தனியாக ஒரு லேத் போடுகிறார். பழைய முதலாளியே அவருக்கு ஜாப் ஆர்டர் தருகிறார். கற்றவன் ஓடிவிடுவான் என்று பயப்படுகிற ஊரில் யாரும் யாருக்கும் கற்றுத்தர மாட்டார்கள். புதுக்கோட்டையில் உங்களைப் போல எத்தனை பட்டறைகள் இருக்கின்றன? ஐந்தாறு பேர் சேர்ந்து பக்கத்து ஐ.டி.ஐ.யில் போய், எங்களுக்கு வருடத்துக்கு இத்தனை டர்னர் வேண்டும், கடைசி ஆறு மாதம் எங்களிடம் அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுங்கள். 2016 முதல் இதற்கென்றே இருமுறைப் பயிற்சி என்று ஒரு முறை இருக்கிறது. படிப்பின் ஒரு பகுதி ஐ.டி.ஐ.யில், மறு பகுதி தொழிற்சாலையில்.

கே: டிகிரி முடித்த மகன் வீட்டில் இருக்கிறான். இனிமேல் ஐ.டி.ஐ. சேர்ந்தால் ஊர் சிரிக்காதா?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

ஊர் மாதச் சம்பளம் தராது, அம்மா. சேரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.களில் ஆண்களுக்கு 40 வயது வரை இடமுண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. அரசு ஐ.டி.ஐ. என்றால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் உண்டு. ஆனால் எந்தத் தொழிற்பிரிவு என்பதை அவன் மார்க்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கும்பகோணம், தஞ்சாவூர் வட்டாரத்தில் எந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று நாலு இடத்தில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கே: நான் வெல்டர். பெல் நிறுவனத்தை நம்பி இருந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் ஆர்டர் இல்லாமல் முடங்கியதைக் கண்ணால் பார்த்தவன். ஒரே தொழிலில் ஓர் ஊர் முழுகலாமா?
(துவாக்குடி, திருச்சி)

உங்கள் கேள்வி இந்த முறை வந்தவற்றிலேயே கனமானது, ஐயா.

1960களில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை திருச்சிக்கு வந்தது. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான பட்டறைகள் முளைத்தன. 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே வந்தது. பயிற்சி, ஆராய்ச்சி, வேலை மூன்றும் ஒரே வட்டத்துக்குள். நாட்டுக்கே எடுத்துக்காட்டு என்று சொல்லலாம். ஆனால் அத்தனையும் அனல்மின் நிலையம் என்ற ஒரே கிளையில் தொங்கிக்கொண்டிருந்தன. புதிய அனல்மின் நிலைய ஆர்டர்கள் சுருங்கியபோது முதலில் விழுந்தவை சின்னப் பட்டறைகள்.

அப்போது இழந்தது பணம் மட்டுமா? உங்களுக்குத் தெரியும், வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 6ஜி என்று ஒரு தேர்வு இருக்கிறது. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். வெல்டர் அதைத் திருப்பக் கூடாது. தான்தான் சுற்றி வர வேண்டும். ஒரே மூட்டில் மேலிருந்தும், பக்கவாட்டிலும், தலைக்கு மேல் கையைத் தூக்கி அண்ணாந்தும் பற்றவைக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே ஊசிமுனைக் காற்றுக்குமிழிகள் அளவுக்கு மேல் இருந்தாலும் தோல்விதான். அதில் தேறியவருக்கு உலகில் எங்கும் மரியாதை. ஆனால் கொதிகலன் வேலைக்குப் பின்பற்றும் ஏ.எஸ்.எம்.இ. விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்த முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாமல் இருந்தால் தகுதி காலாவதி. அதாவது ஆர்டர் இல்லாத ஆறு மாதத்தில் ஓர் ஊரின் முதலீடே கரைந்துவிடுகிறது. அந்த முதலீடு வங்கியில் இல்லை, கையில் இருக்கிறது.

மாவட்ட நிர்வாகம் செய்திருக்க வேண்டியது இதுதான்: பட்டறைகள் முடங்கிய மாதங்களில் வெல்டர்களைப் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்து, உதவித்தொகையோடு கையைச் சூடாக வைத்திருப்பது, தகுதிச் சான்றைப் புதுப்பிப்பது, சுத்திகரிப்பு ஆலை, கப்பல் தளம், ரயில் பெட்டி, காற்றாலைக் கோபுரம் என்று வேறு வாசல்களைத் தட்டுவது. தொழில் வளரும் காலத்துக்கு மட்டும் திட்டம் தீட்டுகிறவர்கள் தொழில் சரியும் காலத்தில் தொழிலாளியைத் தனியே விட்டுவிடுகிறார்கள். பயிற்சித் திட்டத்தின் தரம் அந்த மாதங்களில்தான் தெரியும்.

கே: ஒரு பெரிய கம்பெனி வந்தால் போதாதா? எல்லாப் பிள்ளைகளுக்கும் வேலை கிடைத்துவிடுமே.
(உள்ளாட்சி உறுப்பினர், செய்யூர்)

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை நினைத்துப் பாருங்கள். 2006இல் தொடங்கியது. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர். பெரும்பாலும் இளம்பெண்கள், வீட்டில் முதன்முதலாகச் சம்பளக் கவர் கொண்டுவந்தவர்கள். நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறில் சிக்கியிருந்த இந்த ஆலை மட்டும் வெளியே விடப்பட்டது. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. வருடக்கணக்கில் ஒரே வரிசையில் ஒரே வேலையைச் செய்தவர்கள், அடுத்த கம்பெனி வாசலில் எதைக் காட்டுவார்கள்? அடையாள அட்டையையா?

கம்பெனி கொடுக்கும் பயிற்சி கம்பெனிக்கு உள்ளேயே முடிந்துவிடக் கூடாது. அரசு அங்கீகரித்த சான்றாக அது தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். பெரிய கம்பெனி வரட்டும், வரவேற்போம். கூடவே அதற்குப் பாகம் செய்து தரும் சின்னப் பட்டறைகள் உள்ளூரில் வளர வேண்டும். அதே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஹூண்டாய் 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியபோது உதிரிபாக ஆலைகளும் கூடவே வந்தன. வேலை பரவியது அவற்றால்தான்.

கே: மகளுக்குச் செல்போன் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. தங்கும் இடத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?
(விவசாயி, திருவாரூர்)

உங்கள் பயம் நியாயமானது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி உணவால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை நின்றது. அந்தப் பெண்கள் சாலைக்கு வந்ததால் நாட்டுக்கு ஒரு விஷயம் உறைத்தது: வேலை என்பது ஆலைக் கதவுக்குள் மட்டும் இல்லை; குளியலறை, சாப்பாடு, இரவுப் பேருந்து எல்லாம் சேர்ந்ததுதான். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய தங்குமிடம் திறக்கப்பட்டது. 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் அளவு. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். திறன் மேம்பாட்டுக்குச் செலவிட்ட பணத்தின் கணக்கில் இதையும் சேர்க்கலாம்.

மகளை அனுப்பும் முன் நீங்கள் ஒருமுறை நேரில் போய் அறையையும் சமையலறையையும் பாருங்கள். ஒப்பந்தம் யாருடைய பெயரில், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா என்று கேளுங்கள். எல்லாம் சரியென்றால் தைரியமாக அனுப்புங்கள்.

இதற்கு இன்னொரு வழியும் உண்டு. ஆளை ஆலைக்குக் கொண்டுபோவதற்குப் பதில் ஆலையை ஆள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருவது. செய்யாறு சிப்காட்டின் காலணி ஆலைக்குச் சுற்றுவட்டாரக் கிராமப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் போய் மாலையில் வீடு திரும்புகிறார்கள். பெரம்பலூரிலும் காலணிப் பூங்கா வந்திருக்கிறது. டெல்டாவுக்கு இப்படி ஒன்று வர வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கே: மில்லில் பயிற்சிக்காலம் மூன்று வருடம் என்கிறார்கள். அவ்வளவு நாள் என்னத்தைக் கற்பது?
(பெயர் வேண்டாம், திண்டுக்கல்)

மூன்று வருடம் ஒரே ஸ்பின்னிங் மெஷினில் நிற்பதற்குப் பெயர் பயிற்சியே இல்லை. சுமங்கலி திட்டம் என்று மங்களகரமான பெயர் வைத்து, கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று ஆசைகாட்டி, ஏழைப் பெண்களை அப்ரண்டிஸ் கணக்கில் குறைந்த கூலிக்கு வைத்திருந்த கொடுமையை இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. உண்மையான பயிற்சி என்றால் பதிவு செய்த ஒப்பந்தம் இருக்கும், பாடத்திட்டம் இருக்கும், சொல்லித்தர ஒருவர் இருப்பார், முடிவில் தேர்வும் சான்றும் இருக்கும். இவற்றில் எதுவும் இல்லையென்றால் நீங்கள் பயிற்சியாளர் அல்ல, முழுக் கூலிக்கு உரிமையுள்ள தொழிலாளி. தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

கே: வடமாநிலத்தவர் நம் வேலையைப் பறிக்கிறார்களா?
(வாசகர், திருப்பூர்)

இல்லை. அவர்கள் இல்லையென்றால் உங்கள் ஊரில் பாதி நிட்டிங் மெஷின் நின்றுவிடும். குறைந்த கூலிக்கும் நீண்ட ஷிப்டுக்கும் நம் பிள்ளைகள் வரவில்லை என்றால் அது அவர்கள் குற்றமும் இல்லை, வந்தவர்கள் குற்றமும் இல்லை. வந்தவர்களுக்கும் முறையாகப் பயிற்சி கொடுங்கள். திருப்பூரில் உழைக்கிற எவரும் திருப்பூர்க்காரரே.

கே: அப்படியானால் 75 சதவீத வேலை உள்ளூர்க்காரர்களுக்கே என்று சட்டம் போட்டால் என்ன?
(வழக்கறிஞர், கிருஷ்ணகிரி)

அரியானா 2020இல் போட்டது. தனியார் நிறுவனங்களில் 75 சதவீதம் என்றது. 2023 நவம்பரில் பஞ்சாப் - அரியானா உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டது. உங்களுக்குத் தெரியாததில்லை.

நான் நம்புவது வேறு வழி. நிலம், மின்சாரச் சலுகை, வரிச் சலுகை எல்லாம் கேட்டுத்தான் கம்பெனிகள் அரசிடம் வருகின்றன. பேரம் பேச அதுதான் சரியான நேரம். ஆலை கட்ட ஒன்றரை வருடம் ஆகுமா? அந்த ஒன்றரை வருடத்தில் பக்கத்து ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் உங்களுக்கு வேண்டிய பாடத்தை நாங்கள் நடத்துகிறோம், நீங்கள் ஆசிரியரையும் மெஷினையும் அனுப்புங்கள், தேறியவர்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். தமிழ்நாட்டின் 2021ஆம் ஆண்டுத் தொழில் கொள்கையில் உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி தரும் நிறுவனங்களுக்கு மானியம் உண்டு. மானியத்தை நிபந்தனையாக மாற்றுவதுதான் அடுத்த படி. நிலத்தை இழந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த வகுப்பில் முதல் வரிசை கொடுக்க வேண்டும்.

கே: ஐ.டி.ஐ.க்கு ரோபோ வந்திருக்கிறதே, பார்த்தீர்களா? இனி கவலை இல்லையா?
(முன்னாள் பயிற்றுநர், ஒரகடம்)

பார்த்தேன், மகிழ்ந்தேன். 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் மேம்படுத்தியிருக்கிறார்கள். ரோபோ கையும் சி.என்.சி.யும் 3டி பிரிண்டரும் ஏழை வீட்டுப் பிள்ளையின் கைக்கு எட்டியிருப்பது பெரிய காரியம். ஆனால் உங்களுக்கே தெரியும், மெஷின் பாடம் எடுக்காது. அதை இயக்கத் தெரிந்த பயிற்றுநர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். ரிப்பேர் ஆனால் மறுநாள் சரிசெய்ய நிதி இருக்க வேண்டும். அந்த மெஷினை வைத்திருக்கிற தொழிற்சாலை பஸ் போகும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஒரு பழைய ஏற்பாட்டை நினைவூட்டுகிறேன். 2007இல் மத்திய அரசு நாடெங்கும் 1,396 அரசு ஐ.டி.ஐ.களுக்கு ஒவ்வொன்றுக்கும் 2.5 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுக்கும் திட்டம் கொண்டுவந்தது. பக்கத்துத் தொழிலதிபர் தலைமையில் மேலாண்மைக் குழு அமைத்து அதன் கையில் பணத்தைக் கொடுத்தது. எந்தப் பாடம் வேண்டும் என்று வட்டாரமே முடிவு செய்யட்டும் என்ற அருமையான யோசனை. குழுத் தலைவர் வகுப்பறைக்குள் வந்து, இந்தப் பிள்ளையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்கும் ஐ.டி.ஐ.யில்தான் அது பலன் தரும். உங்கள் ஊர் ஐ.டி.ஐ.யில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டுப் பாருங்களேன்.

கே: ஜெர்மனியில் மட்டும் எப்படி?
(பொறியியல் மாணவி, காரைக்குடி)

அங்கே மாணவர் வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனியில் சம்பளத்தோடு வேலை பழகுகிறார், மீதி நாள் தொழிற்பள்ளியில். 1969இலேயே இதற்குச் சட்டம் செய்துவிட்டார்கள். ஆனால் பலரும் கவனிக்காத இடம் வேறு: தேர்வு நடத்துவது தொழில் வர்த்தக சபை. வேலை கொடுக்கிறவர்களின் சங்கமே தேர்வு வைப்பதால் எந்தப் பட்டறைக்காரரும் அந்தச் சான்றைச் சந்தேகப்படுவதில்லை. கோவையின் சிறுதொழில் சங்கமான கொடிசியாவும் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் மனம் வைத்தால் இங்கேயும் செய்யலாம். திருப்பூர் சங்கம் 1997இலேயே முதலிபாளையத்தில் பின்னலாடைக் கல்லூரி தொடங்கியதே.

கே: எங்கள் கிராமத்தில் ஆலையும் இல்லை, பட்டறையும் இல்லை. எங்களுக்கு என்ன வழி?
(மகளிர் குழுத் தலைவி, பரமக்குடி அருகே)

முதலில் தையல் வகுப்பை நிறுத்தச் சொல்லுங்கள் அக்கா. முப்பது பேருக்குத் தையல் கற்றுக்கொடுத்தால், ஒரு கிராமத்தில் அத்தனை ஜாக்கெட்டுக்கு எங்கே போவது? மூன்று பேருக்கு வேலை கிடைக்கும், மற்ற மெஷின்கள் மூலையில் நிற்கும். வெளியூர் ஆர்டர் பிடித்துத் தருபவர் ஒருவர் இருந்தால் அப்போது முப்பது பேரும் தைக்கலாம்.

குழுவாக உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். ஊர்க்காரர்கள் எந்தெந்த வேலைக்குப் பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் போய்ப் பணம் கொடுத்துவிட்டு வருகிறார்கள்? மோட்டார் காயில் கட்ட, டிராக்டர் ரிப்பேர் பார்க்க, டி.வி. சரிசெய்ய, மிளகாய் அரைக்க, பந்தல் போட, பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கு உடற்பயிற்சி தர. அந்தப் பட்டியல்தான் உங்கள் பாடத்திட்டம். வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தில் சமுதாயத் திறன் பள்ளி என்று ஒன்று நடத்துகிறார்கள். வட்டாரத்தில் தேர்ந்த கொத்தனாரோ மெக்கானிக்கோதான் ஆசிரியர். அவர் வேலை பார்க்கிற இடமே வகுப்பு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. தனியாகக் கடை வைக்க விரும்பினால் மாவட்டத்தின் முன்னோடி வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்துக்குப் போங்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். வங்கியே நடத்துவதால் கடன் கேட்கும் வழியும் அங்கேயே சொல்லித் தருவார்கள்.

கே: லாரி ஓட்டக்கூடப் பயிற்சிப் பள்ளியா?
(வாசகர், ராசிபுரம்)

உங்கள் நாமக்கல்லிலேயே 1995 முதல் அசோக் லேலண்ட் நடத்துகிறது. லாரி பாடி கட்டும் ஊர், லாரி முதலாளிகள் இருக்கும் ஊர், ஓட்டுநர் பள்ளியும் அங்கேயே. இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

கே: தூத்துக்குடிக்கு மின்சாரக் கார் ஆலை வந்துவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் கிடைக்கும்?
(உப்பளத் தொழிலாளி, தூத்துக்குடி)

வின்ஃபாஸ்ட் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல், 2025 ஆகஸ்டில் திறப்பு. 3,000 முதல் 3,500 பேருக்கு வேலை என்று அறிவித்திருக்கிறார்கள். நேரடி வேலை அவ்வளவுதான். சார்ஜிங், பேட்டரி, உதிரிபாகம், போக்குவரத்து, துறைமுகம் என்று சுற்றியுள்ள வேலைகள் அதைவிடப் பலமடங்கு வளர முடியும். அதற்குப் பிள்ளைகள் தயாராக இருந்தால். உப்பளத்தில் கண் கூச நின்று உழைக்கிற உங்கள் வீட்டுப் பிள்ளை ஆட்டோ எலக்ட்ரிகல் படித்து நிழலில் வேலை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் போய், எந்தப் படிப்புக்கு எடுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

கே: எம்.எல்.ஏ. வந்தால் என்ன கேட்பது?
(வாசகர், ஆத்தூர்)

எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்காதீர்கள். நீளமான எண் ஒன்று வரும். பயிற்சி முடித்து ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் வேலையில் நீடிக்கிறார்கள், என்ன சம்பளம், அதில் நம் தொகுதியிலேயே இருப்பவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். 2022 மார்ச்சில் மாநில அரசு தொடங்கிய நான் முதல்வன் திறன் திட்டம் உட்பட எந்தத் திட்டத்தையும், எந்தக் கட்சி கொண்டுவந்ததாக இருந்தாலும், இந்தக் கணக்கால்தான் அளக்க வேண்டும்.

கே: எட்டுப் பேரை வைத்துச் சின்னதாக ஒரு பட்டறை நடத்துகிறேன். என்னைப் போன்றவர்களால் என்ன ஆகிவிடப் போகிறது?
(அம்பத்தூர்)

நீங்கள்தான் இந்த முழுப் பகுதிக்கும் பதில். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தில் 2019இல் வந்த விதிப்படி, 30 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடங்கள் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். 4 பேர் முதல் உள்ள இடங்கள் விரும்பினால் எடுக்கலாம். உங்களுக்கு எட்டுப் பேர் இருக்கிறார்கள். உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசின் ஊக்குவிப்புத் திட்டம் ஏற்கிறது. பதிவு இணையத்தில், தடுமாறினால் அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.யில் கேளுங்கள், செய்து தருவார்கள். இந்த வருடம் தேர்வு முடித்து வரும் பிள்ளைகளில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு வெர்னியர் பிடிக்கத் தெரியும். வாடிக்கையாளருக்கு நேரத்துக்கு வேலையை முடித்துக்கொடுப்பதை நீங்கள் கற்றுக்கொடுங்கள்.